உன் அப்பா இன்று தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கிறார்

ஒரகடம்
15-2-2005, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கார்முகிலுக்கு அம்மா எழுதுவது. நீ, மருமகள் ஷாரோன், பேத்தி கனிஷ்கா மூன்று பேரும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். உன் அத்தை ராஜாமணி சுகத்துக்கு மேல் சுகம். உன் அப்பாவும் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால்தான் இவ்வளவு பெரிய கடிதம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், லைன் கட்டாகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

இன்று டயாலிசிஸ் நாள். உன் அப்பா காலையில் தானே சட்டை போட்டு, தானே செருப்பு மாட்டி, ஷேர் ஆட்டோவில் கூட்டு ரோடு போய், காஞ்சிபுரம் பஸ் ஏறித் தனியாகப் போயிருக்கிறார். நான் போகவில்லை, உன் அத்தை போகவில்லை, இந்த வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. இதைப் படித்ததும் போனை எடுக்காதே, முழுவதும் படி. அவர் வருகிறவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது, ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு அதையே சாம்பாரிலும் ஊற்றிவிட்டேன், அதனால்தான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன வாரம் நீ போனில் “ஏம்மா, அப்பாவ வேல வாங்கிக்கினு கீறியாமே, நீ இன்னா கல்லா” என்று கேட்டாய். கேட்டது நீ, வார்த்தை உன் அத்தையுடையது, அது எனக்குத் தெரியாதா. ஆனாலும் உன் வாயால் வந்ததால் உன்மேலும் கொஞ்சம் வருத்தம் வைத்திருக்கிறேன், லீவுக்கு வரும்போது பேசித் தீர்த்துக்கொள்ளலாம். உன்னோடு வேலை செய்கிற மறைமலை நகர்ப் பையன் ஊருக்கு வரும்போது அவனிடம் ஒரு வீல் சேர் கொடுத்தனுப்புவதாகச் சொன்னாய், வீட்டோடு ஒரு நர்ஸ் வைக்கச் சொன்னாய். இரண்டும் வேண்டாம் கண்ணு. ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன்.

டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் அவருக்குச் சோர்வு இருந்ததே தவிர நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அப்போதுதான் உன் அத்தை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பையோடு வந்தாள், தம்பியைப் பார்த்துவிட்டு நாலு நாளில் போகிறேன் என்று. என் கல்யாணப் பந்தியில் பச்சைப் பட்டு கட்டி உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு மைசூர்பாகைக் கையில் தட்டிப் பார்த்து “இத்த வெச்சி செவுரு கட்லாம்டி” என்று என் அம்மா காதுபடச் சொன்னவள் அவள். நான் அதை மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. ஆனால் தம்பிமேல் அவளுக்கு உயிர், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வந்த அன்றிலிருந்து அவரை ஒரு டம்ளர் எடுக்க விடவில்லை. குளிப்பாட்டினாள், தலை துவட்டினாள், சோறு பிசைந்து ஊட்டினாள். நான் ஏதாவது சொன்னால் “ஒடம்பு முடியாத மனுசன வேல வாங்கற பொம்பளய நான் எங்கயும் பாக்கலடி” என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

அதோடு போகவில்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உன் அத்தை ஓடி வந்து அவரைப் பாயில் படுக்கவைத்து, கழுத்து வரைக்கும் போர்த்திவிடுவாள். ஏன் அண்ணி, உட்கார்ந்துதான் இருக்கட்டுமே என்றால், அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவங்க இன்னா நெனப்பாங்க, அதுவும் நல்லா இருக்கிற மாதிரித் தெரிந்தால் கண் பட்டுவிடும் என்பாள். வந்தவர்கள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் என்று டாக்டர் இவர் வாயில் படவே கூடாது என்று சொன்னதாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். அத்தனையும் பின்பக்க ரூமில் வாடகைக்கு இருக்கிறானே திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டி, அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் போயிற்று. உன் அப்பா பாயில் மெலிய மெலிய இசக்கிபாண்டிக்குக் கம்பெனி யூனிபார்ம் பட்டன் போட முடியவில்லை. நான் சிரித்தேன், ஆனால் ஒருநாள் அவர் காலைப் பிடித்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஆடுசதை என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கண்டக்டர் காலப்பா அது. ஆயுதபூஜை முடிந்த வாரத்தில் ஆட்டோவில் ஏறவும் முடியாமல், வேன் வைத்து, இரண்டு பேர் தூக்கி இறக்கும்படி ஆகிவிட்டது.

அன்றைக்குத்தான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டாள், ஐயா வீட்டில் தானாகக் குளிக்கிறாரா, சட்டை போட்டுக்கொள்கிறாரா, எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை முன்னால் போய் “ஒரு டம்ளரக்கூட தூக்க வுட்றதில்ல டாக்டர், ராஜா மாதிரி வெச்சிக்கினு கீறோம்” என்று பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள், மெஷின் ரத்தத்தைத்தான் சுத்தம் பண்ணும், கால் பலத்தைக் கொடுக்காது, டயாலிசிஸில் இருக்கிறவர்களில் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்கள்தான் நிறைய நாள் இருக்கிறார்கள், படுக்கையில் விழுந்தவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள், முடியாமல் படுத்தவர்களை நான் குற்றம் சொல்லவில்லை, ஆனால் இவருக்கு இதயம் நன்றாக இருக்கிறது, இவர் படுக்கவில்லை, நீங்கள் படுக்கவைத்திருக்கிறீர்கள் என்றாள். படுக்கவைத்தது உன் அத்தை, டாக்டரம்மா முறைத்தது என்னை. அதையும் நான் மனதில் வைத்திருக்கிறேன். வெளியே வந்ததும் உன் அத்தை சொன்னது, “அந்தப் பொண்ணு கூடப் பொறந்தவங்க இல்லாம பொறந்துருக்கும், அதுக்கு இன்னா தெரியும்.”

எனக்கு அது சாதாரணப் பேச்சாகப் படவில்லை கார்முகில். அந்த டயாலிசிஸ் ரூமில் நாங்கள் சேர்ந்தபோது இருந்த முகங்கள் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு உத்திரமேரூரிலிருந்து வருகிற வாத்தியார் இன்றைக்கும் வருகிறார். பல்லக்கு மாதிரி நாலு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தார்களே ஒரு ரைஸ் மில்காரர், அவர் கட்டிலில் இப்போது வேறு ஆள். நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் போய்விட்டாள், அதையும் மறைக்கமாட்டேன். இதற்கு ஒருவரும் எழுதிக் கொடுக்க முடியாது என்று டாக்டரம்மாவும் சொன்னாள். இருந்தாலும் எந்தப் பக்கம் ஆள் அதிகம் மிஞ்சியிருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியாதா.

பக்கத்துக் கட்டில் லூர்தம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். வாலாஜாபாத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். விடிகாலையில் மாவு ஊற்றிக் கடையை மகளிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, போர்வையைத் தானே விரித்துப் படுத்து, மெஷின் ஓடுகிற நேரம் முழுக்க ஜெபமும் ஊர்வம்பும் மாற்றி மாற்றிப் பேசுவாள். அவள்தான் உன் அப்பாவைப் பார்த்து, “இன்னா சார், பஸ்ஸுல லக்கேஜ் ஏத்துனவரு இப்ப நீங்களே லக்கேஜா வந்து எறங்குறீங்களே” என்று கேட்டுவிட்டாள். உன் அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. உன் அப்பா மட்டும் வேனில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். ஹாலில் ஒரு நாற்காலி. சாப்பாடு நாற்காலியில், பேப்பர் நாற்காலியில், பிறகு கேட் வரைக்கும் நடை, பிறகு பிள்ளையார் கோவில் வரைக்கும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஃபிஸ்டுலா ஆபரேஷன் பண்ணிய இடது கையில் மட்டும் ஒன்றும் தூக்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களுக்கு அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். செங்கல்பட்டு அப்பாவு மாமா அழுகிற முகத்தோடு வந்து இறங்கினார். உன் அப்பா எழுந்து போய்ச் சொம்பு கொண்டுவந்து நீட்டினார். மாமா குடித்துவிட்டு மேலும் கீழும் பார்த்து, “நல்லாத்தான கீறாரு, இதுக்கு இன்னாத்துக்கு ஒரு நாள் லீவு போட வெச்சீங்க” என்று கேட்டார். கேட்டவர் போகும்போது தான் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சத்தியமாகச் சொல்கிறேன், பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதை அவர் வீட்டு விசேஷத்தில் நாலு பேருக்கு நடுவில் கேட்காமல் விடமாட்டேன். உன் அப்பா சிரித்ததில் புரையேறிவிட்டது.

பொங்கலுக்குப் பிறகுதான் அந்த விழுகை. டயாலிசிஸ் முடிந்து வந்த சாயங்காலமே ஆசைப்பட்டு நடக்கப் போனார், கேட்டருகே தலை சுற்றி உட்கார்ந்த மாதிரி விழுந்தார், முட்டி சிராய்த்துவிட்டது. உன் அத்தை “கொன்னுட்டாளே, என் தம்பிய கொன்னுட்டாளே” என்று தெருவையே கூட்டினாள், அதே வாயோடு உனக்கும் போன் போட்டாள். நான் வெளியில் தைரியமாக நின்றேன், உள்ளே ஒரே யோசனை. நான்தான் அவசரப்பட்டேனோ, அந்தப் பாயிலேயே விட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கண்ணுக்கு எதிரில் இருந்திருப்பாரோ என்று. டாக்டரம்மாவிடம் கேட்டோம். நடந்ததால் வந்தது இல்லை, டயாலிசிஸ் முடிந்த அன்று பிரஷர் இறங்கும், அன்றைக்கு ஓய்வு, பஸ்ஸில் உட்கார்ந்துதான் வரவேண்டும், மற்ற நாளில் நடை என்று சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்தாள். உன் அத்தை அதற்கும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பாயை இறக்கினாள். அப்போது உன் அப்பா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார், “அக்கா, அம்மா நடவுக்குப் போனா நீதான் என்ன இடுப்புல தூக்கி வெச்சிக்கினு திரிஞ்ச. போதும்கா. எறக்கி வுட்டுடு.” அவள் கையில் பாயோடு அப்படியே நின்றாள். சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். பாயை அவளே மறுபடியும் பரணில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்டின்னா நானும் கூட நடப்பேன், தனியா வுடமாட்டேன்” என்றாள். அந்த இடத்தில் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

இப்போது காலையில் முன்னால் உன் அப்பா, பின்னால் மூட்டுவலியோடு உன் அத்தை முனகிக்கொண்டே, நல்ல ஊர்வலம்தான். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பையன்கள் வழிவிட்டு நிற்பார்கள். இசக்கிபாண்டி, “என்ன பெரியவரே, இம்புட்டு வேகமா போறிய, உங்களுக்கும் பர்ஸ்ட் ஷிப்டா” என்று கேட்பான். இவர் “ஓவர்டைம் பாக்கப் போறேன்டா” என்பார். வேனை நிறுத்திவிட்டு டயாலிசிஸுக்கும் பஸ்ஸில்தான் கூடப் போய்வந்தோம், இன்று தனியாகத்தான் போவேன் என்று அவரே பிடிவாதம் பிடித்தார், உன் அத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டாள். சட்டை அவரே துவைக்கிறார், காலர் சரியாக வரவில்லை, நான் வாயைத் திறக்கவில்லை. வீல் சேர் வாங்கியாகிவிட்டது என்றால் அந்த டயாலிசிஸ் ரூமில் கொடுத்துவிடலாம், நிஜமாகவே முடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது காலாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது நீதான். லீவில் வந்து அவரோடு இரண்டு நடை நடந்துவிட்டுப் போ.

மணி நாலரை ஆகிவிட்டது. மூன்றரைக்கெல்லாம் வந்திருக்கவேண்டும். உன் அத்தை அப்போதே கூட்டு ரோட்டுக்குப் போய் நிற்கிறாள். நான் பதறக் கூடாது என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். லாரிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

வந்துவிட்டார். பேனாவை வைத்துவிட்டு ஓடினேன். தெருமுனையில் நிதானமாக வருகிறார், பின்னால் உன் அத்தை. ஏன் இவ்வளவு நேரம், இங்கே நாங்கள் செத்துப் பிழைக்கிறோம் என்று கேட்டால், “ரெண்டு பஸ்ல சீட்டு இல்ல, நின்னுகினு வரக் கூடாதுன்னாங்க இல்ல, வுட்டுட்டேன்” என்கிறார். அதுவரைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் லூர்தம்மாளோடு பெஞ்சில் உட்கார்ந்து, இந்தக் காலத்துக் கண்டக்டர்களுக்கு விசில் ஊதத் தெரியவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். எனக்கு வந்த கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் அளவே இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டரம்மா அளந்து சொன்ன தண்ணீர்க் கணக்கில் அரை டம்ளர் டீ கொடுத்தேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும், இதை விளையாட்டாக நினைக்காதே. அவருக்கு இந்த நோய் வந்ததே பிரஷர் மாத்திரையை, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்தியதால்தான். நீ அவர் பிள்ளை. பிரஷரும் சர்க்கரையும் இந்த மாதமே பார்த்து எனக்கு எழுது. ஷாரோனிடம் சொல்லியிருக்கிறேன், அவள் என்னிடம் பொய் சொல்லமாட்டாள். போட்டோவில் உனக்குத் தொப்பை தெரிகிறது, ரொட்டிக் கடைக்கும் காரில் போகாதே. கனிஷ்காவுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, அடுத்த முறை அவள் கையால் தாத்தாவுக்கு ஒரு வரி வரவேண்டும்.

இதை எழுதும்போது உன் அப்பா ஊசி குத்திய கையை நனைக்காமல் முகம் கால் கழுவுகிறேன் என்று பாத்ரூமுக்குள் போனார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. உன் அத்தை வந்த நாள் முதல் அவர் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. நான் கடிதத்தோடு எழுந்து போய்க் கதவருகில் நின்றேன், பார்த்தால் உன் அத்தை எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள். மூச்சு விடாமல் இரண்டு பேரும் உள்ளே சொம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். “ரெண்டு பேருக்கும் சண்ட போட வேற எடம் கெடைக்கலியா, போங்க அப்பால” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. நாங்கள் நகரவில்லை. இந்தக் கடைசி வரிகளைச் சுவரில் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, சொந்தக் காலில் நடந்து, நல்லபடியாக இருக்கவேண்டும். பிரஷர் பார்க்க மறக்காதே.

உன்மேல் பாதி கோபமும் முழு ஆசையுமாக,
அம்மா
கன்னியம்மாள்