எந்தக் கப்பல் என்று கேட்டார்கள்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடலில் இருக்கும் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலாம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறாள். உன் அண்ணன் மகள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சாமான் வைக்க வழியில்லை. எனக்குக் காலை ஷிப்ட், அதே பழைய ரூட். நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. போனிலும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நீ கடற்படையில் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அது உனக்கும் தெரியும். பயிற்சி முடிந்து வந்த லீவில் நீ தரையில் உட்கார்ந்து கப்பலை வரைந்து, இது இன்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாய், நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் டிப்போ கேன்டீன் டிவியில், கடற்படைத் தளத்தில் போர்க்கப்பலில் தீ, ஒருவர் பலி என்று ஓடியது. உன் தளம். உன் போன் அணைந்திருந்தது. கையில் இருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. மதிய ட்ரிப்பை வேற ஆள் எடுக்கட்டும், நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே என்று கண்டக்டர்தான் அனுப்பி வைத்தார். வீட்டுக்கு வந்து, நீ சேர்ந்தபோது கொடுத்த காகிதத்தில் இருந்த எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். பதினோராவது தடவை யாரோ எடுத்தார், இளம் குரல். எந்தக் கப்பல் சார் என்றார். கடற்படைக் கப்பல் என்றேன். இங்க எல்லாமே அதுதான் சார், கார்வெட்டா, ஃப்ரிகேட்டா, ரோந்துக் கப்பலா, கரையோரம் ஜெட்டியில கட்டி நிக்குறதா, ரிப்பேருக்கு டிரை டாக்ல நிக்குறதா என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறேன், டிப்போவில் எந்த வண்டி உறுமினாலும் அதன் நம்பரைச் சொல்வேன். என் பெண் இருக்கிற கப்பல் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதன் பெயர்கூட வாயில் வரவில்லை. அம்மா போனை வாங்கினாள். கார்வெட்டுங்க, முன்பக்கம் நாப்பத்தேழுன்னு எழுதியிருக்கும், மூணாம் ஜெட்டி, பொண்ணு இன்ஜின் ரூம்ல வேலை பாக்குறா என்று நிற்காமல் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அது ஞாயித்துக்கிழமையே கடலுக்குப் போயிடுச்சும்மா, தீப்பிடிச்சது டிரை டாக்ல ரிப்பேருக்கு நின்ன ஃப்ரிகேட், உங்க பொண்ணு கப்பலுக்கு ஒண்ணுமில்ல என்றார் அவர். அப்பாடா, நம்ம கப்பல் இல்ல என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதற்கு அவர், இறந்தவர் என்கூட ஒரே ரூம்ல இருந்தவர் சார், அவங்க அப்பாவும் இப்ப இதே நம்பருக்குத்தான் கூப்பிடுவாரு, நான்தான் எடுக்கணும் என்றார். போனை வைத்துவிட்டார். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை, சின்னு.

உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று அம்மாவைக் கேட்டேன். நீ பேசும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, கேஸ் சிலிண்டர் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நீங்க கேட்டிருந்தா உங்களுக்கும் சொல்லியிருப்பா என்றாள். இப்போது தினமும் டியூட்டி முடிந்து வந்து அவளிடம் பாடம் கேட்கிறேன். கார்வெட் சின்னது, ஃப்ரிகேட் அதைவிடப் பெரியது, டெஸ்ட்ராயர் இன்னும் பெரியது என்றாள். மினி பஸ், டவுன் பஸ், வெளியூர் பஸ் மாதிரியா என்றேன், உங்க வெளியூர் பஸ்ல பீரங்கி இருக்கா என்று கேட்டாள். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. தளம் என்றால் கொடி பறக்கும் ஒரு வாசல் என்றுதான் நினைத்திருந்தேன், உள்ளே கப்பல்களைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் மேடைகளான ஜெட்டிகள், பட்டறைகள், எல்லாவற்றுக்கும் தள்ளித் தனியாக வெடிமருந்துக் கிடங்கு என்று ஒரு ஊரே இருக்கிறதாமே. டிரை டாக் என்பது பெரிய தொட்டி, கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்துக் கட்டைகள்மேல் உட்கார வைப்பார்கள். தரையில் நிற்கும் கப்பலில் என்ன ஆபத்து என்று முன்பானால் கேட்டிருப்பேன். அங்கேதான் வெல்டிங் பொறி பட்டு அந்தப் பிள்ளை போயிருக்கிறான்.

அவன் அப்பாவின் முகவரி கிடைத்தால் அனுப்பு. என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை. தீயணைப்புப் பயிற்சி என்று கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதே, இன்ஜின் ரூம் சூட்டில் தண்ணீர் நிறையக் குடி. நீயும் உன்னோடு இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் நல்லபடியாகக் கரை சேர வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கரைக்கு வந்ததும் கூப்பிடு, இந்தத் தடவை அம்மாவிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாதே, என்னிடம் கொடுக்கச் சொல். அந்தக் கப்பலில் நீ எந்த இடத்தில் படுத்துத் தூங்குகிறாய், அந்த இடத்துக்கு என்ன பெயர்? அது அம்மாவின் நோட்டிலும் இல்லை. எனக்கு நீதான் சொல்ல வேண்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்,
அப்பா