மனம் மாறக் கொடுத்த நாட்கள்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
மாசி மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் மெலனிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம், சாப்பாடு செமிக்கிறது, நித்திரையும் வருகிறது. நீயும் உங்கே கடலுக்கு அந்தப் பக்கம் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே பனி இந்த வருடம் விடுகிற மாதிரித் தெரியவில்லை, முன்படிக்கட்டை அப்பா காலையில் வழித்துவிட்டால் மத்தியானம் திரும்பவும் மூடிக் கிடக்கிறது. அக்னெஸ் அன்ரிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து இன்றைக்குத் தடியோடு பூசைக்கு வந்தா, உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னா. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரியில் எனக்கு இன்னும் சமையல் வேலை இருக்கிறது, புதிதாக வந்த ஹெயிட்டிக் குழந்தை ஒன்று என் சூப்பை மட்டும் குடிக்கிறதாம், மற்றவர்கள் வைத்தால் துப்புகிறதாம், எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒவ்வொரு நாளும் போனில் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் கதைக்கும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், ஸ்பீக்கரில் போடு என்று சைகை காட்டுகிறார். போன கிழமை நீ என்னிடம் மெல்லிய குரலில், அப்பாவுக்கு என்ன நடந்தது, திடீரென்று மாறிவிட்டாரே என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. நடந்ததை நீ அறியவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் இதை எழுதி மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைக்கிறேன். வாசித்துவிட்டு அவரிடம் ஒன்றும் கேட்காதே.

நீ வீடு வாங்கப் போகிறேன் என்று முதன்முதல் சொன்னபோது அப்பா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உங்கே ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டி போடுகிறார்கள், யார் எவ்வளவு கேட்டார்கள் என்றுகூட ஒருவருக்கொருவர் தெரியாது என்று நீ சொன்னாயல்லவா, அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. முதல் கேட்ட இரண்டு வீடும் வேறு ஆட்களுக்குப் போனபோது பாவம் பிள்ளை என்று வாயால் சொன்னார், ஆனால் அன்றிரவு இடியப்பம் இரண்டு கூடவே சாப்பிட்டார். மூன்றாவது வீடு உனக்குத்தான் என்று நீ கத்திக்கொண்டு வீடியோ கோல் எடுத்த அன்றுதான் அவருக்கு நிலைமை விளங்கியது. நீ வயலைக் காட்டினாய், வீட்டைச் சுற்றி ஓடுகிற வாய்க்காலைக் காட்டினாய், பக்கத்துப் பண்ணை மாடுகளைக் காட்டினாய், ஏணி மாதிரி நிற்கிற அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே சிரித்தாய். நான் உன் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ அப்படிச் சிரித்து எனக்கு நெடுநாள். அப்பா எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு என்னிடம் சொன்னார், “வாடகைக்கு இருக்கிறது வேற, வாங்கிறது வேற. வாங்கினவள் திரும்பி வருவாளே?”

அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாங்கட்டும், வாங்கிப்போட்டு வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வரட்டும் என்றார். அப்போதுதான் நீ உங்கே இருக்கிற பிரதேச சபையின் சட்டத்தைச் சொன்னாய், அந்த மாதிரி வீட்டை வாங்குகிறவர் சில வருடத்துக்கு வாடகைக்கு விட ஏலாது, தானே குடியிருக்க வேண்டும் என்று. வெளியாட்கள் வந்து வாங்கிப்போட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு இல்லாமல் போகிறதாம். எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் பட்டது. அப்பாவுக்கு முகம் கறுத்துப் போனது. ஒற்றைப் பிள்ளை, தனிப் பெண், வயல்வெளிக்குள் தனி வீடு, போதாததற்கு அங்கேயே கிடக்கவேண்டும் என்று சட்டம் வேறு. உன்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். நீ அதைக் கவனித்தாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு நீ கையெழுத்து வைத்தாய். வைத்த பிறகும் வாங்குகிறவருக்கு மனம் மாற மூன்று நாள் இருக்கிறது, ஒரு காரணமும் சொல்லாமல் விலகலாம் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தியதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திரும்பத் திரும்ப என்னிடம் அதையே கேட்டார். ஒரு காரணமும் தேவையில்லையோ, வடிவாகக் கேட்டீரோ என்று. நான் ஓமென்றேன். “மனம் மாறலாமெண்டு சட்டமே சொல்லுதெண்டால், மாறுற ஆக்கள் இருக்கினம் எண்டுதானே அர்த்தம்” என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்தநாள் சனிக்கிழமை. காலையில், “இஞ்சேரும், உடுப்பை மாத்தும், ஒரு இடத்துக்குப் போவம்” என்றார். காருக்குள் ஏறிய பிறகுதான் சொன்னார், கர்க்லாண்டில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம் என்று. வீடு வாங்கி விற்கிற தரகர் ஞானேந்திரனை உனக்குத் தெரியும்தானே, அவரோடு ஏற்கெனவே கதைத்து வைத்திருக்கிறார். எங்கள் வீட்டை விற்று, நீயும் வந்து சேர்ந்தால், மூன்று பேருமாக இருக்கலாம் என்று அவருடைய கணக்கு. அந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு உன்னை வீடியோ கோலில் எடுப்பாராம், அறை அறையாகக் காட்டுவாராம். “படத்தில கண்டால் பிள்ளைக்கு விளங்கும். நாள் கிடக்கு, இன்னும் விலகலாம்” என்றார். நான் சீற் பெல்ற்றைப் போட்டேன். நான் உன் பக்கம் நின்றவள்தான், இருந்தாலும் அன்றைக்கு எனக்கும் அந்த வீட்டைப் பார்க்க ஆசையாக இருந்தது.

நல்ல வீடு பிள்ளை, பொய் சொல்லக்கூடாது. குசினிக்கு இரண்டு பக்கமும் வெளிச்சம், பின்னால் ஒரு மேப்பிள் மரம், தெருவெல்லாம் குடும்பங்கள். அதன் சொந்தக்காரி ஒரு இத்தாலிக்கார அம்மா, புருஷன் இல்லை, பனி வழுக்கும் என்று வெளியே போகாமல் வீட்டிலேயே இருந்தா. எங்களைக் கண்டதும் கோப்பி போட்டா. அப்பாவுக்கு வீடு பிடித்துவிட்டது, சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், மேலே பெரிய அறையைத் திறந்து “இது மெலனியின்ர அறை” என்றார், நீ ஏற்கெனவே பெட்டியோடு வந்து நிற்கிற மாதிரி. போனைக் கையிலெடுத்து, இப்ப எடுக்கட்டே என்று என்னைக் கேட்டார். ஞானேந்திரன் குறுக்கிட்டு, “அண்ணை, முதல் பேஸ்மென்றையும் பாருங்கோ, அதுதான் இந்த வீட்டின்ர விசேஷம்” என்றார்.

கீழே போனால் அது தனியாக ஒரு வீடு மாதிரி. சின்னக் குசினி, குளியலறை, ஒரு படுக்கையறை. கட்டில் மெத்தைக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை, அதன்மேல் துவாய் மடித்து வைத்திருந்தது. ஒருவரும் பாவிக்கவில்லை, புத்தம் புதுசு, வாடகைக்கும் விடலாம் என்று ஞானேந்திரன் சொல்லிக்கொண்டே போனார். அப்பா அதைக் கேட்கவில்லை. படியில் நின்ற அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, ஸ்கூல் பஸ் ஓட்டிப் பழகின தன் பிரெஞ்சில், இது யாருக்குச் செய்தது என்று கேட்டார். மகனுக்கு என்றா. மகன் கல்கரியில் வேலையாம், வருவான் வருவான் என்று புருஷனும் தானுமாகச் செய்து முடித்தார்களாம், நத்தார்ப் பண்டிகைக்கு வந்தாலும் மேலே சோபாவில்தான் படுத்துவிட்டுப் போகிறானாம். அப்பா விடவில்லை, மகனிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தீர்களோ என்றார். அந்த அம்மா சிரித்தா. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பான், அதுதான் கேட்கவில்லை என்றா. அப்பா அந்தக் கட்டிலின் நுனியில் இருந்தார். பிளாஸ்டிக் சரசரத்தது, உடனே எழும்பிவிட்டார். போனை ஜக்கெற்றுக்குள் வைத்தார். ஞானேந்திரன் வாசல்வரை வந்து, “என்ன அண்ணை, பிள்ளைக்கு வீடியோ எடுத்துக் காட்டேல்லையோ?” என்றார். “பேந்து பாப்பம் தம்பி” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற பக்கம் விடாமல் நேரே மேற்கே ஓடினார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஏரிக்கரையோரம் கொண்டுபோய் நிற்பாட்டினார். உறைந்த தண்ணீர், ஒருவரும் இல்லை. நீ படித்த கம்பஸின் வயல்களைத் தாண்டித்தானே வந்தோம், அதைக் காட்டி, “இஞ்சதான் வயலைப் பாத்துப் பழகினவள். நாங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டது” என்று லேசாகச் சிரித்தார். அப்போதுதான் நான் கேட்டேன், ஏன் அவளை எடுக்கேல்லை என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அந்த மனிசியின்ர மகன் வேண்டாமெண்டு சொல்லுவான். எங்கட பிள்ளை அப்பிடி இல்லை, அல்போன்சம்மா. நான் கேட்டால் ஓமெண்டு சொல்லிப்போடும். அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கிப்போட்டு வந்து நிக்கும். பேந்து அந்தப் பேஸ்மென்ற் மாதிரி ஒரு வீட்டுக்க என்ர பிள்ளை இருக்கும். அதுதான் கேக்கேல்லை.”

நான் அவருடைய கையைப் பிடித்தேன், கையுறையோடு. கார்க் கண்ணாடி முழுக்க மூச்சுப்பட்டுப் புகார் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து போனைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார். உனக்குக் கொடுத்த நாட்கள் முடியும்வரை அதைத் தொடவே இல்லை, மணி அடித்தால் என்னை எடுக்கச் சொன்னார், நீ எடுத்தபோது குளிக்கிறார் என்று சொன்னேனே, அவர் குளிக்கவில்லை, குசினியில்தான் நின்றார். தன்னுடைய வாயில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நாள் முடிந்த மறுநாள் காலையில் தானாகவே உன்னை எடுத்தார். அதுதான் உனக்குத் திடீரென்று மாறின மாதிரித் தெரிந்த நாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கொட்டில் கூரையில் அஸ்பெஸ்டஸ் கிடக்கு, அதை நீ தொடாதே, அதற்கென்று இருக்கிற ஆட்களை விட்டுக் கழற்று என்று சத்தம் போட்டார். உன் ஊருக்குள் ஓடுகிறதாக நீ முந்திச் சொன்ன சின்ன பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டார். பென்சன் எடுத்த ஆட்கள் சம்பளம் இல்லாமல் முறை வைத்து ஓட்டுகிறார்கள் என்று நீ சொன்னதை அன்றிலிருந்து கோயிலில் காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அப்பாவின் கதை இப்படி. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நாளும் வாங்கு வாங்கு என்று உனக்குத் தைரியம் சொன்னவள் நான், எல்லாம் சரிவந்த பிறகு கார்டெரியில் கரட் சீவிக்கொண்டு நின்றபோது திடீரென்று அழுகை வந்துவிட்டது. அந்த ஹெயிட்டிக் குழந்தை வந்து என் முழங்காலைக் கட்டிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இதை எழுதுவது நீ கவலைப்படுவதற்கில்லை. நாங்கள் இங்கே உன்னைத் தேடுவோம்தான், தேடட்டும், பெற்றவர்கள் தேடத்தானே வேண்டும். அதற்காக நீ உங்கே ஒன்றையும் மாற்றவேண்டாம்.

சித்திரையில் நொத்தாரிசு கந்தோரில் வீட்டுத் திறப்புக் கைக்கு வரும் என்றாய். வந்ததும் முதல் வேலையாக அந்தப் படிக்கட்டுக்கு ஒரு நல்ல கைப்பிடி போடு, இரவில் காலுறையோடு இறங்காதே. புகை மணி மேலுக்கும் கீழுக்கும் பூட்டு. பக்கத்துப் பண்ணைக்காரருக்குக் கேக் கொண்டுபோய்க் கொடு, உன்னுடைய பெயரைச் சொல்லி அவர்களுடைய பெயரையும் கேட்டுப் பழகு, தனியாக இருக்கிறவளுக்கு அயல்தான் முதல் சொந்தம். எருப் போடுகிற காலத்தில் மணக்கும் என்றாய், யன்னலைப் பூட்டிக்கொள், முகத்தைச் சுளிக்காதே. கத்தோலிக்கக் கோயில் தூரமென்றால் மாதத்தில் ஒருதடவையாவது போ. நாங்கள் வைகாசியில் வருகிறோம், அப்பா பாஸ்போட் படம் எடுத்துவிட்டார், படத்தில் கள்ளன் மாதிரி இருக்கிறார், நேரில் பார்த்துச் சிரி.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன். ஆண்டவர் உன் வாசலையும் உன் படுக்கையையும் காவல் காப்பாராக.

ஒன்றை மட்டும் மறக்காதே. இத்தனை நாளும் நீ எங்களோடு கதைக்கும்போது அந்த வீடு, அந்த வீடு என்றுதான் சொல்லுகிறாய், ஆரோ அந்நிய ஆளின் வீடு மாதிரி. எங்களுக்கு நோகும் என்று பார்த்துத்தான் சொல்லுகிறாய், எனக்கு விளங்கும். இனி அப்படிச் சொல்லாதே. அடுத்தமுறை எடுக்கும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேள், அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும், வாய் நிறைய “என்ர வீடு” என்று சொல்லு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
அல்போன்சம்மா அருமைராசா