அறைக்குள் பாடிய பெண்

ஜூன் 22, 2025

திருவாதவூரில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். முனீஸ்வரி. மருந்துக்கடையில் வேலை. நிமிர்ந்து பேசுகிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது – இதை எழுதக்கூட எதற்கு வெட்கம்? நிச்சயம் ஆவணியில்.

"பையன் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரு" என்றார் அப்பா. பொய்யில்லை. மேடையில் நான் பெண்கள் பாடும் உயரத்தில் பாடுகிறேன் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். பேசினால் கட்டைக் குரல், பாடினால் உச்சியில் நிற்கும். மேற்கத்திய இசையில் இதற்குக் கவுண்டர்டெனர் என்று பேர். அதற்காகத்தான் கொச்சியிலும் பெங்களூரிலும் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு அது மானக்கேடு.

"தாலி ஏறட்டும், பெறகு சொல்லிக்கலாம்டா" என்றார். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஜூலை 9

சென்னைக் கச்சேரி உறுதி. செப்டம்பரில். முழு ஆர்கெஸ்ட்ராவோடு முதல் தனிப்பாடல். இன்றிலிருந்து தயிர் கிடையாது.

ஜூலை 13

ஞாயிறு. டவுனில் என் வாடகை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மதியம்வரை பாடினேன். தொண்டை சொன்னபடி கேட்டது.

ஜூலை 14

முனீஸ்வரி போனை எடுக்கவில்லை.

ஜூலை 15

அடக் கடவுளே.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் சிவபாண்டி டவுனுக்கு வந்திருக்கிறார். அப்படியே மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று என் அறைக்கு மாடியேறியிருக்கிறார். வாசலில் என் செருப்பு. கதவு உள்பக்கம் தாழ். உள்ளே ஒரு பெண் பாடுகிறாள். தட்டாமலே இறங்கிப் போய்விட்டார்.

இன்று தரகர் சொன்ன சேதி: "பொம்பளய வச்சுக் குடும்பம் நடத்துறவனுக்குப் பிள்ளையக் குடுக்க முடியாதாம்."

எனக்குக் கீபோர்டு வாசிக்கும் ராஜேஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "முனீஸ்வரிக்கு நீயே சக்களத்தி ஆயிட்டியே மாப்ள." எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் புள்ள என்ன நெனச்சுக்கிட்டு இருக்கும்?

ஜூலை 16

அப்பா அம்மாவைப் பார்க்கச் சமயநல்லூருக்குப் போனேன். அப்பாவுக்கு ஒரே யோசனைதான். "ரேடியோ பாடுச்சுன்னு சொல்லிரு." முடியாது என்றேன். அப்படியானால் பாட்டை விட்டுத்தொலை என்றார். அதுவும் முடியாது என்றேன். அம்மா எங்கள் இருவருக்குமே சோறு போடவில்லை.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணப் பேச்சோடு யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாத மாதம். அம்மா அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துப் போட்டாள். "ஆடியாவது ஆவணியாவது. கெளம்புங்க."

முனீஸ்வரி வீட்டில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் வாய் திறக்குமுன் அப்பா எழுந்து நின்றார். "உள்ள பாடுனது பொம்பள இல்ல. எம் மகன்தேன். அவன் பாட்டுக் குரலே அப்படி. சொல்ல வேணாம்னு தடுத்தது நானு."

சிவபாண்டி நம்பவில்லை. "பாடச் சொல்லுங்க, பாப்பம்."

பாடினேன். முதல் வரி நடுங்கியது. பிறகு குரல் தானாக ஏறிக்கொண்டது. பக்கத்து வீட்டார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். சிவபாண்டி என் சட்டைப்பையில் போன் எதுவும் பாடுகிறதா என்று குனிந்தே பார்த்துவிட்டார்.

முனீஸ்வரியின் அப்பா கேட்டார்: "சரி, கல்யாணத்துக்குப் பெறகு இத நிப்பாட்டிருவாருல்ல?"

அப்பா சரியென்று சொல்லிவிட்டால்?

"நிப்பாட்ட மாட்டான்" என்றார் அப்பா. "பத்து வருசமா நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்."

கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஒரு பாட்டை முழுசாகப் பாடி இன்றுதான் கேட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை 28

ஒரு சேதியும் இல்லை.

ஆகஸ்ட் 3

முனீஸ்வரியே கூப்பிட்டாள். "எங்க அப்பாவுக்குச் சம்மதமாம். எனக்குத்தேன் இன்னும் கோவம் போகல. மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

பயமாக இருந்தது என்றேன்.

பிறகு, "அன்னைக்கு அடுப்படியில இருந்ததுல சரியாக் கேக்கல. இன்னொரு தடவ பாடுங்க" என்றாள்.

செப்டம்பர் 13

சென்னை. இன்னும் அரைமணியில் மேடை. முனீஸ்வரியும் சிவபாண்டியும் வந்து உட்கார்ந்துவிட்டார்களாம். இந்த நேரத்தில் அப்பாவிடமிருந்து போன். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் பிரஸ்ஸில் நிற்கிறாராம்.

"ஒம் பேருக்குக் கீழ வேலையப் போடணும்ல. வாத்தியாருன்னு ஏற்கெனவே எழுதியிருந்தாக, நான்தேன் அழிக்கச் சொல்லிட்டேன். நீ பாடுறதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு இருக்கே, அத மெதுவாச் சொல்லு. இவரு எழுதிக்கிறட்டும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.