கல்லில் வெட்டிய இரண்டாவது பெயர்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
நவம்பர் 9

அன்பு மகள் அனுஜாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகர் மாத்திரை தவறாமல் போடுகிறேன், அங்கே நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் நல்லபடியாக இருக்கவேண்டும். போனில் பேசலாமே என்பாய், போன் வந்தால் உன் அத்தை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள், எனக்கும் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் மஸ்கட்டுக்கு வருகிற ஸ்டெபின் கையில் இதையும் கொஞ்சம் மாசிக் கருவாடும் கொடுத்து விடுகிறேன்.

கல்லறைத் திருநாளுக்குள் அப்பாவுக்குக் கல் வைத்துவிட்டேன் என்று சொன்னேன் இல்லையா, அதில் உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அப்பா எந்தக் கடைக்குப் போனாலும் பிளாஸ்டிக் பையிலிருந்து ரூபாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ரொக்கம் தாறேன், என்ன குறைப்பீரு என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார், தோணியில் மாலத்தீவு போய்வந்த காலத்துப் பை அது. உன் கல்யாணச் சேலைக்கும் அப்படிக் கேட்டு, குறைத்தது போதாதென்று ஒரு போர்வையும் வாங்கிக்கொண்டு வந்தார், நான் வெட்கப்பட்டு வாசலில் செருப்புகளோடு நின்றேன். அவர் போன இந்த எட்டு மாதமாக நான் கேட்கிறேன், சோப்புக்குக் கேட்கிறேன், மருந்துக் கடையில் கேட்கிறேன், கேட்கிற நேரம் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கடைப்பிள்ளைகள் ஸ்கேன் பண்ணுங்கம்மா என்று சிரிக்கிறார்கள்.

கல் கடையிலும் அப்படித்தான். சுடலைக்கண்ணன் அண்ணாச்சி பதினெட்டாயிரம் சொன்னார், ரொக்கம் என்றதும் ஆயிரம் தள்ளினார், இன்னும் என்றேன். எக்கா, பொறவு ஒங்க பேரையும் இதுலதான வெட்டணும், கல்லறைக்கு வந்து வெட்டுனா கூலி மூவாயிரம் ஆவும், இப்பவே ரெண்டையும் சேத்து வெட்டிட்டா கூலி கெடையாது என்றார். அப்பா இருந்தால் இதை விட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றியது, சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

திருநாளன்று மெழுகுதிரி ஏற்றக் குனிந்தேன் மகளே. மேலே விக்டர் என்று அப்பா பெயர், வருஷம் இரண்டும் இருக்கிறது. கீழே ஹில்டா, 1965, ஒரு கோடு, அதற்கப்புறம் வழுவழுவென்று வெறும் கல். அடுத்த கல்லறைக்கு வந்தவர்கள் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஏளா, எந்தம்பி பக்கத்துல துண்டு போட்டு எடம் பிடிச்சிட்டியே என்றாள் உன் அத்தை, நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உன் பிரசவத்துக்கு வரப்போகிறேன் என்று சொன்ன அன்று அவளே, இங்கன ஒம்பேரு வெட்டிக் கெடக்கு, நீ எங்கன போவ, போன எடத்துல ஒண்ணு ஆச்சுன்னா எந்தம்பி தனியால்லா கெடப்பான் என்றாள். அதிலிருந்து எனக்குக் காலைக் கட்டிப் போட்டது போல இருக்கிறது, குசினியில் அடுப்பு முன்னால் நின்றாலும் அந்த வெறும் இடம்தான் கண்ணில் நிற்கிறது. அண்ணாச்சியிடம் போய் என் பெயரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். கல்லை முழுசா தேய்க்கணும், அண்ணன் பேரும் சேந்து போயிருமே என்றார். அதை எப்படித் தேய்க்கச் சொல்வேன், வந்துவிட்டேன்.

ஆனாலும் வருகிறேன். உனக்குப் பிள்ளை பிறக்கும்போது நான் அந்தக் கல்லுக்குக் காவல் இருக்க முடியாது.

இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, மாடிப்படி இறங்கும்போது மருமகன் கையைப் பிடித்துக்கொள். மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். போகவும் வரவும் சேர்த்து டிக்கெட் போட்டால் ஆறாயிரம் குறைகிறது, என்றைக்குத் திரும்புகிறாய் என்று போனில் கேட்டாயே. காசு கூடினாலும் பரவாயில்லை, வருகிறதற்கு மட்டும் போடு. குறைகிறதே என்று திரும்புகிற தேதியை இப்போதே எழுதிவிடாதே மகளே.

உன் அம்மா
வி. ஹில்டா