பச்சை விளக்கு மட்டும்

மகனுக்கு,

என் கால் புண் ஆறிவிட்டது. நேற்று கடைசிக் கட்டை அவிழ்க்க நீ அனுப்பிய நர்ஸிடம், "என் பையன் கண்டுபிடிச்ச, கரண்ட் பாயற கட்டாச்சே, ஆறாம இருக்குமா" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"உங்க கட்டுல கரண்டே இல்லம்மா. லைட் மட்டும்தான் எரியும். அம்மாவுக்கு ரிஸ்க் வேணாம், பழைய மருந்தே போதும்னு உங்க பையன், சார்தான் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

கட்டின் மேல் எரிந்த அந்தப் பச்சை விளக்கை நான் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். மாடி வீட்டு டீச்சருக்கும் காட்டினேன். கான்வென்ட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் அவள். "வருஷக்கணக்கா ஆறாத சர்க்கரைப் புண்ணுடி, உன் பேச்சை நம்பித்தான் போட்டுக்கறேன்" என்று உன் கட்டைப் போட்டுக்கொண்டாள். அவளுடையதில் கரண்ட் இருக்கிறது. நர்ஸ் போனதும் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். புண்ணைச் சுற்றித் தோல் வெந்து கருத்திருக்கிறது. நான் வருத்தப்படுவேனென்று இத்தனை நாள் புடவையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாளாம்.

நீ செய்த கருவி தோற்றால் எனக்கு அவமானமில்லை. பெற்றவளுக்கு வேண்டாமென்று ஒதுக்கியதை, என் வாயாலேயே சொல்ல வைத்து அவள் காலில் கட்டினாயே.

அதை நானே கழற்றி, அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். காலைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்கிறார். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் உன் கருவியின் வெளியீட்டு விழா மேடையில் நான் நடந்து காட்ட வேண்டுமென்று கேட்டிருந்தாய். வருகிறேன். நடந்தும் காட்டுகிறேன். எந்த மருந்தில் ஆறியது என்பதையும் மைக்கில் நானே சொல்கிறேன்.

உன் அம்மா