இடமாகப் போன மூட்டைகள்

அன்புள்ள அம்மாவுக்கு, யுங்துருங் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

கைலாயத்தைச் சுற்ற வருகிறவர்களுக்கு மூட்டை சுமக்கும் யாக் எருதுகளை ஏற்பாடு செய்வது இப்போது என் பொறுப்பு. போன வாரம் பழக்க தோஷத்தில், பௌத்தத்துக்கும் மூத்த நம் ‘பொன்’ மதத்தார் வழக்கப்படி, மூட்டைகளை இடமாகச் சுற்ற அனுப்பிவிட்டேன். யாத்திரை வந்தவர்களோ மற்ற எல்லாரையும் போல வலமாகப் போனவர்கள். போர்வையும் சாப்பாடும் கணவாயில்தான் எதிரே வந்தனவாம்.

“ஏன்டா, இது உங்கப்பன் சுத்துன மலையா?” என்று முதலாளி தாவா கத்தினார்.

“ஆமாங்க” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா முன்னால், நான் நடுவில், மாவுப் பையோடு நீ பின்னால். நினைவிருக்கிறதா? லீவு நாளில் இப்போதும் இடமாகவே நடக்கிறேன். எல்லாரும் எதிரேதான் வருகிறார்கள்.

கடிதம் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது. அப்பாவின் கம்பளிக் காலுறையைக் கொடுத்தனுப்பு. முழங்கால் தேறினால் சொல். இடமாகப் போகத் தெரிந்த யாக் ஒன்று இங்கே இருக்கிறது.

உன் யுங்துருங்