குறைகள் இருந்தால் எழுதவும்

12.2.2007

ஏசப்பா, இன்றைக்கும் ஒருத்தர்கூடச் சிக்கவில்லை! மதுரையில் நோயில்லாத பெரியவர்களே கிடையாதா?

வயதாக ஆக மூளையின் நடுவில் இரும்பு சேரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த இடம் கறுப்பாக விழும். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது எவ்வளவு சேருகிறது என்று அளப்பதுதான் என் எம்.டி. ஆய்வு. அறுபது முடிந்த முப்பது பேர் வேண்டும். கையில் இருப்பது பதினொன்று. என் கைடு முத்திருளன் சார் மார்ச் 31 அன்று ஓய்வு பெறுகிறார். அதற்குள் முடியாவிட்டால் வேறு கைடு, வேறு தலைப்பு, எல்லாம் அ-னா ஆவன்னாவிலிருந்து.

சார் சொன்னது: "ஒன் வாய்க்கு இந்நேரம் முந்நூறு பேரு வந்திருக்கணுமே ஜாய்ஸ்."

19.2.2007

விளாங்குடியில் எங்கள் தெரு சோலை ஐயா தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர். "நல்லாருக்கீங்களா ஐயா?" என்றேன். "எங்கத்தா நல்லாருக்க? ஏதோ ஓடுது" என்று நழுவிவிட்டார். நடையில் என்னால் எட்டிப்பிடிக்க முடியவில்லை!

26.2.2007

அம்மா சேலை எடுக்கும் கடைக்காரர் ஜனகராஜ், அவர் மனைவி சாரதாம்பாள். இருவருக்கும் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. சந்தோஷத்தில் எனக்குத்தான் பிரஷர் ஏறியது. 'எனக்கு எந்த நோயும் இல்லை' என்ற படிவத்தை நீட்டினேன். சாரதாம்பாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத எழுதி வேற குடுக்கணுமா? ஊர்க்கண்ணு சும்மா விடுமா?"

இருவரும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு சாரதாம்பாளே இறங்கிவந்தார்: "வேணும்னா மூட்டு வலின்னு ஒரு வரி போட்டுக்க. கையெழுத்துப் போடுறேன்."

அட மரமண்டை ஜாய்ஸ்! ஆள் இல்லாமல் இல்லையடி. நோயில்லை என்று வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை!

28.2.2007

படிவத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'வேறு குறைகள் இருந்தால் எழுதவும்.' சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இது ஆராய்ச்சியா, கலெக்டர் ஆபீஸ் மனு நாளா?" ஆனால் ஆய்வுக்கு அனுமதி தரும் கமிட்டிக்கு அனுப்பிவைத்தார்.

14.3.2007

இருபத்திநாலு!!! நடக்கவில்லை, பறக்கிறேன்.

சாரதாம்பாளின் குறை, மூட்டு வலி. ஜனகராஜின் குறை, சாரதாம்பாள். சோலை ஐயாவுக்கு மருமகள் வைக்கும் ரசம். ஸ்கேன் மிஷின் பெரிய காந்தம், உலோகம் ஆகாது. சாரதாம்பாள் தாலிக்கொடியைக் கழற்றுமுன் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "மஞ்சள காந்தம் இழுக்காதுல்ல?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.

படங்கள் எம்புட்டு அழகு! வயது ஏற ஏறக் கறுப்பும் ஏறுகிறது. பூக்கட்டும் செல்லத்தாய்க்கு எழுபத்தொன்பது வயது, எல்லாரையும்விடக் கறுப்பு. எழுந்து உட்கார்ந்ததும், பூ கொடுக்கும் பதினான்கு வீட்டு போன் நம்பரையும் கடகடவென்று ஒப்பித்தார். எனக்கு என் நம்பரே தடுமாறும்.

21.3.2007

இருபத்தேழு. அம்மா சுற்றிப்போட்டாள்.

30.3.2007

இருபத்தொன்பது முடிந்தது. முப்பதாவது ஆளும் வந்தார். படிவத்தில் குறை: கொசு. ஸ்கேன் அறை வாசலில் உதவியாளர் சங்கிலி அண்ணே கடைசியாக ஒருமுறை கேட்டார், "ஒடம்புக்குள்ள இரும்பு, மிஷினு ஏதாச்சும் இருக்காய்யா?"

"நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கு. அது நோயா என்ன?"

நல்லவேளை, உள்ளே விடவில்லை. அந்தக் காந்தத்தில் அவர் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். படிவத்திலேயே தனியாகக் கேட்டிருக்க வேண்டாமா நான்?

போச்சு. ஒத்த ஆளு. ஒரே ஒரு ஆளு இல்லாம எல்லாம் போச்சே! அழுது மூக்கு வீங்கிக் கிடக்கிறேன்.

31.3.2007

சாருக்குப் பிரிவுபசார விழா. நான் போகவில்லை. என்ன மூஞ்சியோடு போவது?

மூன்று மணிக்கு ஸ்கேன் அறைக்கே வந்துவிட்டார், மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு.

"புதன்கிழமையோட எனக்கு அறுபது முடிஞ்சிருச்சு. ஒரு நோயும் கெடையாது. படிவத்த எடு."

"சார்... கைடே வரலாமா?"

"கமிட்டியில கேட்டுட்டுத்தான் வாரேன். என் படத்த மட்டும் வேற ஆளு அளக்கட்டும்."

படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டே எழுதினார். வாட்ச், பெல்ட், மோதிரம் எல்லாம் கழற்றிவிட்டுப் படுத்தார். இத்தனை வருடம் எங்களை நடுங்கவைத்த மனுஷன் மெதுவாகக் கேட்டார், "ரொம்பச் சத்தமா இருக்குமாம்மா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாற்பது நிமிடமும் மைக்கில் இடையிடையே பேசிக்கொண்டே இருந்தேன். முப்பது!

அவர் காரேறிய பிறகுதான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரியில் சாரின் கோணல் கையெழுத்து:

'நாளையிலிருந்து இந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க முடியாது.'